பேச்சுவார்த்தை இல்லாத கொக்பிற்

கீர்த்தனிக்கு விமானக் கொம்பனியிலிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, துணை விமானியாக எடுத்திருக்கிறோம், பயிற்சிக்கு வரவும். அதைப் படித்ததும் குசினிக்குள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். மற்றது, சிமுலேற்றர் பயிற்சியில் உமக்குச் சோடி அஞ்சலோ, இருவரும் ஒரே ஊர் என்பதால் முன்கூட்டியே சேர்ந்து பழகிக்கொள்ள வசதியாக இருக்கும். அதைப் படித்ததும் "நாசமாப் போச்சு" என்றாள்.

ஒரே ஊராம்! உப்புவெளியில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி, அவ்வளவுதான் தூரம். அஞ்சலோ அவளுடைய மாமி றஜிதாவின் மகன். றஜிதா அப்பா ஞானசேகரத்தின் கூடப்பிறந்த தங்கச்சி. எட்டு வருசமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மச்சானும் மச்சாளும் ஒரே கொக்பிற்றில், அந்தச் சின்ன விமானி அறையில், என்றதும் உங்களுக்கு வேறு நினைப்பு வரலாம். அந்த நினைப்பை இப்போதே கழற்றி வையுங்கள். அப்படி ஒரு இழவும் இல்லை.

சண்டை வந்தது ஒரு மரண அறிவித்தலால். அப்பாவின் அப்பா, அப்பப்பா, செத்தபோது மாமி வீட்டார் அடித்து ஒட்டிய அறிவித்தலில் பிள்ளைகள், மருமகன், பேரப்பிள்ளைகள், லண்டனில் இருந்து ஒரு நாளும் எட்டிப் பார்க்காத பெறாமக்கள் வரைக்கும் எல்லார் பெயரும் இருந்தது. மருமகள் திரேசம்மாவின் பெயர் மட்டும் இல்லை. படுக்கையில் கிடந்த அந்த மனிசனை இரண்டு வருசம் கழுவித் துடைத்துக் கஞ்சி ஊட்டியவள் திரேசம்மா, கீர்த்தனியின் அம்மா. சந்தி மின்கம்பத்தில் அறிவித்தலை வாசித்துவிட்டு வந்து செத்தவீட்டிலேயே நாத்தனாரைப் பிடித்துக் கேட்டாள். "நீ என்ன எங்கட இரத்தமோ?" என்றாள் றஜிதா. பெட்டியை மூடுவதற்கு முன்னமே இரண்டு குடும்பமும் இரண்டு பக்கமாய் நின்றது.

இப்போது அந்த வீட்டுப் பெடியனோடு ஒட்டி உட்கார்ந்து விமானம் ஓட்ட வேண்டும். திரேசம்மா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சட்டம் போட்டாள்.

"வேலைக்குப் போ. நான் மறிக்கேல்லை. ஆனா அவனோட புத்தகத்தில இருக்கிறதை மட்டும் கதை. சொந்தமா ஒரு சொல்லுக் கதைச்சியெண்டா பிறகு என்னை அம்மா எண்டு கூப்பிடாதை."

"சரி அம்மா."

"சத்தியம்?"

"சத்தியம்."

ஞானசேகரம் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் எது நடந்தாலும் தேத்தண்ணீர் குடிக்கிற ஆள் அவர்.

கீர்த்தனிக்கு இருபத்தேழு வயது. விமானி லைசன்ஸ் எடுத்து நாலு வருசம் ஒரு கொம்பனியும் திரும்பிப் பார்க்கவில்லை. திமிங்கிலம் பார்க்க வருகிற வெள்ளைக்காரருக்கு ஒரு கெஸ்ட் ஹவுசில் அறைப் பூட்டின் திறப்பு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இதுவும் கைநழுவினால் திறப்புத்தான் ஆயுளுக்கும். கொம்பனியின் கடைசிப் பரீட்சையில் ஒரு தரம் விழலாம், இரண்டாம் தரம் விழுந்தால் வீடு.

பழகுவதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. அவன் வீட்டுக்கு அவள் போகமாட்டாள், அவள் வீட்டுக்கு அவன் வரமாட்டான். கடைசியில் கெஸ்ட் ஹவுசின் பின் விறாந்தை கிடைத்தது. கொக்பிற்றின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டி, அதற்கு முன்னால் இரண்டு பிளாஸ்ரிக் கதிரை போட்டார்கள். விமானத்தில் எந்தப் பொத்தானை எதற்குப் பிறகு தொடுவது, எந்த இடத்தில் யார் எந்தச் சொல்லைச் சொல்வது எல்லாம் கொம்பனிப் புத்தகத்தில் எழுதியிருக்கும். அதைக் கை தானாகச் செய்யும் வரைக்கும் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பழக வேண்டும். விறாந்தையால் போன ஜேர்மன்காரர் ஒருவர் நின்று படம் எடுத்தார். சுவரைக் குத்திக்கொண்டு ஒரு ஆணும் பெண்ணும் முகம் பாராமல் கத்தினால் யார்தான் எடுக்கமாட்டார்கள்?

மூன்றாவது கதிரையில் அஞ்சலோவின் தங்கச்சி சுதர்ஷிகா புத்தகத்தோடு இருந்தாள். அம்மாவின் சட்டத்தில் இவள் பெயர் இல்லை. பிழை பிடிக்கத்தான் வந்தவள், பாவம். இரண்டாம் நாளே தபால்காரியாகிவிட்டாள்.

"சுதா, உன்ர அண்ணரிட்டச் சொல்லு, கை பிழையான பொத்தானுக்குப் போகுதெண்டு."

"சுதா, அவவிட்டச் சொல்லு, எனக்குக் கண் இருக்கெண்டு."

"எனக்கு ரெண்டு பேரையும் கடலுக்குள்ள தள்ளிவிட வேணும் போல இருக்கெண்டு ரெண்டு பேரிட்டயும் சொல்லுறன்" என்றாள் சுதர்ஷிகா. ஆனாலும் ஒன்றரை மாதம், ஆறு கிழமையும் வந்தாள்.

புத்தகத்துச் சொற்களில் மட்டும் இருவரும் அந்த மாதிரித் திறம். "பொசிற்றிவ் கிளைம்" என்பாள் கீர்த்தனி, விமானம் எழும்பிவிட்டது என்று. "கியர் அப்" என்பான் அஞ்சலோ, சில்லை உள்ளே இழு என்று. ஒரு சொல் பிசகாது, ஒரு சொல் கூடாது. கட்டுநாயக்காவில் சிமுலேற்றருக்குள், நிசம் போலவே ஆடுகிற அந்தப் பொய் விமானத்துக்குள், ஏறிய முதல் நாளே பயிற்சி கொடுத்த கப்டன் றிகாஸ் வாயைப் பிளந்தார். அவர் கிண்ணியாக்காரர், நாற்பது வயது, ஆரையும் லேசில் மெச்சாதவர். "இப்பிடி ஒரு சோடிய நான் காணல்ல" என்றார். கீர்த்தனி நேரே பார்த்துக்கொண்டு "தாங் யூ சேர்" என்றாள். இவனோடு கதைக்காமலே பாஸ் பண்ணிக் காட்டுகிறேன் பார் என்று உள்ளுக்குள் ஒரு திமிர்.

கடைசிப் பரீட்சையும் சிமுலேற்றரில்தான். அன்று விமானத்தை ஓட்டியவன் அஞ்சலோ. அவனைக் கவனித்துப் பிழை சொல்வது கீர்த்தனியின் வேலை. கிளம்பியதும் பின் கதிரையில் இருந்த கப்டன் ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் செய்ய வேண்டியதெல்லாம் புத்தகப்படி செய்தார்கள். திரும்பி வந்து இறங்குவதற்கு அஞ்சலோ விமானத்தை வளைத்தான். வளைத்த பக்கம் ராடார் திரையில் இடிமுகில் சிவப்பாய்த் திரண்டு நின்றது. அவன் கண் முழுக்க உயிரோடு இருந்த மற்ற எஞ்சினில். முகிலை அவன் காணவில்லை.

கீர்த்தனி கண்டாள். "முன்னால இடிமுகில், மற்றப் பக்கம் திருப்பு" என்று சொல்ல வேண்டும். புத்தகத்தில் அதற்கு எழுதி வைத்த சொல் இல்லை. சொந்தமாகத்தான் சொல்ல வேண்டும். பத்து விநாடி போனது. இப்போது காண்பான், இப்போது காண்பான் என்று பார்த்தாள். இருபது விநாடி. முகில் திரை முழுக்க வந்தபோது வாய் திறந்தது, ஆனால் கழுத்து பின் கதிரைப் பக்கம் திரும்பியது.

"சேர், அவர் மழைக்குள்ள போறார். அவருக்குச் சொல்லுங்கோ."

இருக்கை எல்லாம் கிடுகிடுத்தது. விமானம் முகிலுக்குள் போய்விட்டது. கப்டன் இயந்திரத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்.

"என்ன சொன்னீங்க? இன்னொருக்காச் சொல்லுங்க."

கீர்த்தனி முன்னால் திரும்பி அணைந்த திரையைப் பார்த்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"புள்ள, நூத்தம்பது சனத்தோட போகக்குள்ள பின்னால நான் இரிக்க மாட்டன். அவருக்குச் சொல்லுறதுக்கு ஒங்கள விட்டா அங்க ஒரு மனிசனும் இல்ல. ரெண்டு பேரும் பெயில். நாளைக்குப் பின்னேரம் திரும்ப வாங்க. அதுவும் பிழைச்சா வீட்ட போய்ச் சண்டை பிடிங்க."

வாகனத் தரிப்பிடத்துக்கு வந்ததும் அஞ்சலோ எட்டு வருசத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துக் கதைத்தான்.

"உனக்கு வாய் என்ன அவிஞ்சு போச்சோ? கண்டனி தானே!"

சத்தியம் நினைவுக்கு வந்தது. நாலு வருசத் திறப்பும் நினைவுக்கு வந்தது. கீர்த்தனிக்குக் கட்டுப்பாடு போய்விட்டது.

"உனக்குக் கண் என்ன பொட்டையோ? என்னை வாய் திறக்காமப் பண்ணினது ஆர்? உன்ர அம்மா! ரெண்டு வருசம் பீ மூத்திரம் அள்ளின மனுசியிட பேரை ஒரு துண்டுக் கடதாசியில போட உங்களுக்கு மனம் வரேல்லை!"

"அம்மா விட்டது பிழைதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கத்துவதற்கு எடுத்த மூச்சு அப்படியே நின்றது.

"ஆனா உன்ர அப்பாவிட்டயும் கேள்" என்றான் அஞ்சலோ. "அடிக்கிறதுக்கு முன்னம் அறிவித்தலிட புறூஃபைக் கொண்டுபோய் மாமாவிட்டக் காட்டினது நான்தான். திரேசம்மா மாமியிட பேர் இல்லையெண்டு என்ர வாயாலயே சொன்னனான். 'இப்ப அதைக் கிளறினா உன்ர கொம்மா சண்டைக்கு வருவா. விடு, அடிக்கச் சொல்லு' எண்டவர்."

"பொய்!"

"அப்ப பொய். போய்க் கேள்."

"எட்டு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? நீங்கள் ஆர் எங்களோட கதைச்சனீங்கள்?"

அன்று அவர்கள் சமாதானமாகவில்லை. பின்னேரம் வரைக்கும் பழசெல்லாம் இழுத்துப் போட்டுச் சண்டை பிடித்தார்கள். காவலாளி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்த நாள் பரீட்சையில் கப்டன் வேறு விதமாக வைத்தார். இறங்கப் போகிற ஓடுபாதைக்குக் குறுக்கே ஒரு வாகனம் நின்றது. "அஞ்சலோ, பாதையில வாகனம் நிக்குது, மேல எழுப்பு!" என்று கீர்த்தனி போட்ட சத்தத்தில் கப்டனே திடுக்கிட்டார். அஞ்சலோ எழுப்பினான். பிறகும் இரண்டு தரம் அவனைப் பிழை பிடித்தாள். ஒரு தரம் அவன் அவளிடம் "பொத்து வாயை, காணுறன்" என்றான்.

"ரெண்டு பேருக்கும் கோவம் இன்னம் தீரல்ல போல" என்றார் கப்டன். "பரவால்ல. பாஸ்."

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் போல உப்புவெளியில் பஸ்ஸால் இறங்கியபோது கீர்த்தனிக்குச் சந்தோசமே இல்லை. வேலை கையில் இருந்தது. மனதுக்குள் அப்பாவைப் பற்றி அஞ்சலோ சொன்னது இருந்தது. பேசாமல் விட்டுவிடலாம், வீட்டில் எல்லாம் இருந்தபடி இருக்கும் என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிப் பார்த்தாள். அந்த யோசனை அப்பாவிடம் இருந்து வந்ததென்று தெரிந்ததும் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

திரேசம்மா மேசையில் பாரைமீன் குழம்பு வைத்திருந்தாள். ஞானசேகரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவனோட கதைச்சனியோ?" அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

"ஓம். கதைச்சனான்."

திரேசம்மாவின் முகம் இறுகியது. அவள் வாய் திறப்பதற்கு முன் கீர்த்தனி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, அப்பப்பாவிட அறிவித்தலை அடிக்க முன்னம் உங்களிட்டக் காட்டினவையோ?"

சோற்றில் கை நின்றது. "ஆர் சொன்னது?"

"காட்டினவையோ இல்லையோ?"

"அப்ப சனம் கூடி நிண்டது பிள்ளை. ஆயிரம் அலுவல்…"

"அம்மாவிட பேர் இல்லையெண்டு அஞ்சலோ சொன்னவனோ இல்லையோ?"

ஞானசேகரம் மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். "சொன்னவன்" என்றார். "ஒரு பேர் தானே, அதுக்காக ஏன் செத்தவீட்டைக் குழப்புவான் எண்டு…"

திரேசம்மா கத்துவாள் என்று கீர்த்தனி காத்திருந்தாள். அவள் கத்தவில்லை. புருசனுக்கு முன்னால் இருந்த கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். முப்பது வருசமாக அந்த மனிசன் அவளைப் பெயர் சொல்லாமல் "இஞ்சேர்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"அந்த ஒரு பேரைச் சொல்லுங்கோ, கேப்பம்."

"இப்ப என்னத்துக்கு…"

"சொல்லுங்கோ."

"திரேசம்மா" என்றார் ஞானசேகரம், மெல்ல, சோற்றைப் பார்த்துக்கொண்டு.

"இந்தச் சத்தம் காணாது" என்றாள் அவள். "எழும்பி வேலியடிக்குப் போய் நிண்டு, அங்கால உங்கட தங்கச்சிக்குக் கேக்கச் சொல்லுங்கோ."