பச்சை ஸ்வெட்டர்

என் அக்காவுக்கு ஐஸ் உருக்குகிற வேலை. கேட்டால் சிரிப்பீர்கள். கடல் உறையும்போது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பொடியும் பனியின் இடுக்குகளில் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பனியை ஆய்வுக்கூடத்துக் குளிரறையில் உருக்கி, வடிகட்டி, வடிதாளில் தங்கும் பிளாஸ்டிக்கை எண்ணும் ஆய்வாளர் மேடத்திடம் தர வேண்டும்.

உடையிலிருந்து பிளாஸ்டிக் நூல் உதிர்ந்து கலந்துவிடக் கூடாதென்று அங்கே பருத்தி உடை மட்டும்தான் அனுமதி. பக்கத்தில் ஒரு வெறும் தட்டும் திறந்திருக்கும். அதில் விழுவது அறையின் தூசி என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

குளிர் எலும்பைக் குடைந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், பச்சை ஸ்வெட்டர் வாங்கித் தந்தார். சுத்த பிளாஸ்டிக் நூல். அக்கா அதைக் கோட்டுக்குள் மறைத்துப் போட்டுக்கொண்டாள். தட்டில் பச்சை நூல் விழுந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று தட்டை மூடியும் வைத்தாள். பெரிய புத்திசாலி!

மறுவாரம் மேடம் துள்ளிக்கொண்டு வந்தார்.

"இந்தக் கடல்ல யாருமே பாக்காத பச்சை நூல்மா! எங்கேருந்து மிதந்து வந்துச்சுன்னு கண்டுபிடிச்சே ஆகணும். இனிமே எல்லாப் பனியையும் நீயே உருக்கு. உன் கை ராசியான கை."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். ஸ்வெட்டரைக் கழற்றினால் பச்சை நூல் நின்றுவிடும், மேடம் ஏன் என்று குடைவார். பனிக்குள் மாட்டியதாவது உருகினால் வெளியே வந்துவிடும். இவள் எப்படி வருவாள்?

நேற்று மாமா ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தார்.

"முழங்கையெல்லாம் கிழிஞ்சு தொங்குது. வேற வாங்கித் தரட்டுமா?"

"வாங்குங்க," என்றாள் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "இதே கம்பெனி. இதே பச்சை."