ஐஸ்லாந்துக்கு விழுந்த பதினான்கு ஓட்டுகள்

பல நாட்டவரும் கதை எழுதி, ஒருவருக்கொருவர் ஓட்டும் போட்டுக்கொள்கிற ஆங்கில இணையதளம் ஒன்றில் ஓய்வுபெற்ற பிறகு சேர்ந்தேன். பொன்னேரிக் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு வேறு தீய பழக்கம் எதுவும் வாய்க்கவில்லை.

அங்கே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவரவர் நாட்டுக் கொடி நிற்கும். ஓட்டுக்குப் பக்கத்திலும் நிற்கும். ஆகவே ஒளிவுமறைவு கிடையாது. அமெரிக்கர் அமெரிக்கருக்குப் போடுவார். ஆங்கிலேயர் ஆங்கிலேயருக்குப் போடுவார். தம் நாட்டுக்காரர் தடுமாறினால் அதற்கு நடை என்று பெயர். நம் நடைக்குத் தடுமாற்றம் என்று பெயர். நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. கதையைத் திறக்காமலேயே ‘அற்புதம்’ என்று எழுதுவதில் இந்தியரை மிஞ்ச உலகில் ஆளில்லை.

என் மனைவி, நாங்கள் குடியிருந்த பழவேற்காட்டு ஏரிக்கரையில், மீனவர் குப்பத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தாள். சென்ற ஆண்டு இறந்துபோனாள். ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கதைகள் எழுதி வைத்திருந்தாள். எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பியதில்லை. எனக்கு வாசித்துக் காட்டியது ஒன்றே ஒன்று. அதை மட்டும் மொழிபெயர்த்துத் தளத்தில் இட்டேன். மற்றப் பக்கங்களை நான் திறக்கவில்லை. மாதந்தோறும் முதலிடம் பெறும் கதைகள் ஆண்டு முடிவில் நூலாக அச்சாகும். அவள் எழுத்து ஒருமுறை அச்சேற வேண்டும். அவ்வளவே என் விருப்பம்.

நியாயத்தை எதிர்பார்ப்பது வீண் என்று தெரிந்தபின், நானும் கொடி திரட்டப் புறப்பட்டேன். குப்பத்தில் வலை சீராக்கும் கொட்டகைக்குப் போய், அவளிடம் படித்த பதினான்கு பேரின் கைப்பேசிகளில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன். போட்டியிலிருந்த கதைகளைத் தமிழில் சொன்னேன். முழுதும் கேட்டார்கள்.

“இதுவரைக்கும் யாரு யாரு சார் ஜெயிச்சது?” என்று கேட்டாள் நண்டு விற்கும் பெண்.

பட்டியலைப் பெருமையோடு காட்டினேன். சென்ற மாதம் நம் நாட்டுக்காரர். அதற்கு முன் பெரும்பாலும் அமெரிக்கர்.

“இந்த மாசம் நிக்கற இந்த நீலக் கொடி அதுல ஒரு தரம்கூட வரலியே?”

“அது ஐஸ்லாந்து. அங்கிருந்து எழுதுவது ஒரே ஒரு அம்மாள்.”

“ஒரே ஆளா? அப்போ அதுக்கு யாரு சார் ஓட்டுப் போடுவா?”

“யாரும் போடமாட்டார்கள்,” என்று சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

முடிவு வந்தபோது ஐஸ்லாந்து முதலிடத்தில் இருந்தது. அதன் கீழே வரிசையாகப் பதினான்கு மூவண்ணக் கொடிகள். என் மனைவியின் கதை இரண்டாமிடம்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன்.

“இன்னா சார், மூஞ்சி சுண்டிப்போயிருக்கு?” என்றார் வலைக்காரர் ஒருவர்.

“டீச்சர் கதைக்கு ஏன் போடவில்லை?”

“போன மாசம் நம்ம கொடி. இந்த மாசமும் நம்ம கொடின்னா அது இன்னா பாடு சார்? அடாவடி.”

ஏரியில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் மீன் படாது. அதனால் நல்ல இடங்களில் வலை கட்ட ஆளுக்கொரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் பாடு என்று பெயர். நேற்று நல்ல இடத்தில் நின்றவன், எத்தனை கெட்டிக்காரனானாலும், இன்று ஒதுங்கி நிற்பான். இத்தனை ஆண்டுகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

“ஆனால் இது டீச்சருடைய கதை,” என்றேன். குரல் சற்று உயர்ந்துவிட்டது.

நண்டு விற்பவள் கூடையைக் கீழே வைத்தாள். “டீச்சர்தான் சார் வரிசையில நிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. தள்ளிக்கினு முன்னால போனா நறுக்குனு ஒரு குட்டு.”

“உனக்குத்தான் ஜாஸ்தி விழுந்துச்சு,” என்றார் வலைக்காரர்.

“உனக்கு மட்டும் இன்னா, மாலையா போட்டாங்க?”

கொட்டகையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது; நெடுநாளைக்குப் பின்.

“அடுத்த மாசம் நம்ம பாடு,” என்றாள் அவள். “அந்த ஐஸ் ஊர் அம்மாவும் நமக்குத்தான் போடணும். எழுதிச் சொல்லிடுங்க.”

“ஒருமுறை போட்டியில் வந்த கதை மறுமுறை வரக்கூடாது. அதுதான் அங்கே விதி.”

“வேற கதை எடுங்க. நோட்டு நிறைய எழுதினாங்களே. வகுப்புல நாங்க கணக்குப் போடறப்போ அவங்க அதைத்தான் எழுதிக்கினு இருப்பாங்க.”

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது ஐஸ்லாந்து அம்மாளிடமிருந்து தளத்தில் கடிதம் வந்திருந்தது. தமக்கு இந்தியாவில் ஒருவரையும் தெரியாதென்று சொல்லி, அந்தப் பதினான்கு பேர் யாரென்று கேட்டிருந்தார். பாடு முறையை ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். அடுத்த முறை எங்களுடையது என்று சொல்ல மறக்கவில்லை.

அப்படி எழுதிவிட்டபின் வேறு வழியில்லை. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, எனக்குத் தெரிந்த கதை முடிந்த இடத்துக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முதல் வரியிலேயே நான் இருந்தேன், ஏரிக்கரையில் குடியிருந்தும் மீனில் முள் எடுக்கத் தெரியாத பேராசிரியராக.

குற்றச்சாட்டு உண்மைதான். அன்றே மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.