குட்டிக்கு அளவுச் சாப்பாடு

எங்கள் கடை வாசலில், விலைப்பட்டியலைவிடப் பெரிய எழுத்தில் ஒரு தகர போர்டு தொங்கும்: 'இங்கு அளவுச் சாப்பாடு கிடையாது.' திருநகரில் மெயின் ரோட்டோரம் முன்பக்கம் மெஸ், பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு நடை. வெளியூர்க்காரர்கள் சிலர் அந்த போர்டைப் பார்த்துவிட்டு, ஏதோ அன்றைக்குத் தீர்ந்துபோய்விட்டது என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அப்பா அதற்கெல்லாம் அசைய மாட்டார். கிண்ணத்தில் சோற்றை அமுக்கிக் கவிழ்த்து, 'இவ்வளவுதான்' என்று சொல்வது சாப்பிட வந்தவரை அவமானப்படுத்துவது என்பது அவர் கட்சி. போதும் என்று இலைக்கு மேல் கையை மறித்தால், விரல் சந்து வழியாகவும் சோறு விழும்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தப்பா ஒரு கிரேட் டேன் நாய்க்குட்டியைக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு. சித்தப்பா எதையும் சின்னதாக வாங்கி நான் பார்த்ததில்லை. டார்ச் லைட் வாங்கினால் எதிர்த்தெரு மாடிவரை அடிக்கும், குடை வாங்கினால் நாலு பேர் நிற்கலாம். அன்றைக்கு அவர் நெஞ்சோடு அணைத்திருந்த குட்டியின் கால்கள் அவர் இடுப்புவரை தொங்கிக்கொண்டிருந்தன. நான் பெயர் யோசிக்கிற பொறுமைகூட இல்லாமல் "குட்டி, குட்டி" என்று கத்திக்கொண்டு ஓடியதில் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. அடுத்த இரண்டு மாதத்தில் எங்கள் தெரு நாய்களெல்லாம் குட்டியை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தன.

வளராமல் என்ன செய்வான்? காலையில் அம்மா கையால் பாலும் இரண்டு முட்டையும். மதியம் எலும்புக் குழம்பில் பிசைந்த சோறு. சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் சால்னாவில் ஊறவைத்துப் போடும் பரோட்டா. இதற்கிடையில் சித்தப்பா ஈரல் வாங்கி வருவார். பெரிய நாய்க்கு எலும்பு பலமாக இருக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கால்சியம் மாத்திரையையும் வெல்லத்தில் பொதிந்து கொடுப்பார். என் பங்குக்குப் பள்ளிக்கூட பிஸ்கட். சாப்பிட்டுக் கைகழுவ வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, "யாத்தே, எம்புட்டுப் பெருசு!" என்பார்கள். அப்பா தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, "நம்ம கடைச் சாப்பாடுல்ல" என்பார்.

ஒரு நாள் காலையில் குட்டி எழுந்து வந்தபோது அவன் முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டில் வளைந்து, பாதங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. பத்தடி நடந்தான், உட்கார்ந்துவிட்டான். நான் கூப்பிட்டதற்கு வாலை மட்டும் ஆட்டினான். கொல்லைப்புறத்து இரண்டு படியை ஏற முடியாமல் அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காய்கறி இறக்கிவிட்டுக் கிளம்பிய குட்டியானை வண்டியை மறித்து, அதில் குட்டியை ஏற்றிக்கொண்டு திருமங்கலத்தில் இருந்த நாய் டாக்டரம்மாவிடம் போனோம்.

டாக்டரம்மா குட்டியின் காலைத் தடவிப் பார்த்தார். என்னென்ன கொடுக்கிறோம் என்று கேட்டார். சித்தப்பா பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் மாறிக்கொண்டே போனது.

"எலும்பு தாங்குறதுக்கு முன்னாடி எடை ஏறிப்போச்சு. பெரிய நாயை மெதுவாத்தான் வளர்க்கணும். கால்சியம் மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க. பால், சால்னா எதுவும் கூடாது, சக்கரை, வெல்லம் வாசனையே ஆகாது. ஒரு நாளைக்கு மூணு வேளை, அளவுச் சாப்பாடுதான்."

அப்பா நெளிந்தார். "டாக்டரம்மா, நம்மகிட்ட அந்தப் பழக்கமே இல்லைங்களே."

"பழகிக்குங்க."

குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, வழுக்குகிற தரையில் நடக்கக் கூடாது. ஒரு கூண்டு செய்து அதில் ஓய்வாக இருக்கப் பழக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறவே கூடாது. இப்படி ஆறு வாரம் இருந்தால் கால் நிமிர்ந்துவிடும், இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கோணல்தான் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நடைச் சுவரில் சாக்பீஸால் நாற்பத்திரண்டு கோடு போட்டேன். தினமும் ஒன்றை அழிப்பது என் வேலை.

கூண்டு செய்யும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றார். பழங்காநத்தம் பட்டறையில் வெல்டிங் வைத்து அவர் கொண்டுவந்ததற்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். வாசலில் நுழையவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை எழுப்பி, மேசைகளை நகர்த்தி, பாதி இலையோடு நின்றவர்களே ஒரு கை பிடித்துத்தான் அது நடைக்குள் வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் சித்தப்பாவும் மாஸ்டரும் குட்டியைப் பின்னாலிருந்து தள்ளி, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள். குட்டி போட்ட ஓலத்தில் கடைக்குள் இருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அப்பா ஓடிவந்து தாழ்ப்பாளைத் திறந்தார்.

"பச்சைப் பிள்ளைய ஜெயில்ல போட்ட மாதிரி போட்டுட்டீங்களேடா! இந்த வீட்ல யாரும் இதைக் கூண்டுன்னு சொல்லக் கூடாது. ரூம். குட்டியோட ரூம்."

போனில் விசாரித்தபோது டாக்டரம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். தள்ளக் கூடாது, பூட்டக் கூடாது, தண்டனையாக அடைக்கவே கூடாது. கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை முதலில் வாசலருகே வைத்து, நாளுக்கு நாள் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். தன் இடம் என்று அதுவாக நினைக்க வேண்டும். கீழே விரிக்க அம்மா அரிசிச் சாக்குகள் கொடுத்தாள். குட்டி சாக்கை மோந்து பார்த்தான், ஒரு காலை உள்ளே வைத்தான், எடுத்துக்கொண்டான். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. என் தட்டை எடுத்துக்கொண்டு நானே உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட ஆரம்பித்தேன்.

குட்டி தலையைச் சாய்த்துப் பார்த்தான். பிறகு தவழ்கிற மாதிரி உள்ளே வந்து, என் மடியில் தலையைப் போட்டுப் படுத்துவிட்டான். "அசையாத, அசையாத!" என்று சித்தப்பா சத்தமில்லாமல் வாயசைத்தார். கதவை விரலால் மெல்லச் சாத்தி, செல்போனில் நேரம் பார்த்தார். பத்து விநாடி. திறந்தார். குட்டி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. சித்தப்பாவும் மாஸ்டரும் கட்டிப்பிடித்துக் குதித்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அடுத்த நாள் ஒரு நிமிடம். அதற்கடுத்து ஐந்து. பத்தாவது நாள் நான் இல்லாமலே அரைமணி நேரம். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் ஓடிப்போய் நான் நேரத்தைச் சொல்வேன், அவர் சாப்பிடுகிறவர்களுக்கு அறிவிப்பார், அவர்கள் கைதட்டுவார்கள். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதைப் போல வாடிக்கையாளர்கள் "குட்டி எம்புட்டு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எடைபோடும் நாள். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் குட்டி தனியாக நிற்க மாட்டான், நானும் ஏறி நிற்க வேண்டும். மொத்தத்தில் என் எடையைக் கழித்துவிடுவார்கள். இதனால் திருநகரில் பாதிப் பேருக்கு என் எடை தெரியும்.

முதல் வாரம் இரண்டரைக் கிலோ ஏறியிருந்தது. தராசு சரியில்லை என்றார் சித்தப்பா. இரண்டாம் வாரமும் இரண்டரை. அம்மா எவர்சில்வர் தம்ளரில் அளந்து, விரலால் வழித்துத்தான் போடுகிறாள். அதை நானே பார்க்கிறேன். அப்படியானால் யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள்! எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. குட்டியின் கால் நிமிர்வதைக் கெடுக்கிற அந்தத் துரோகியைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவன் காதில் சத்தியம் செய்து கொடுத்தேன்.

முதல் சந்தேகம் மாஸ்டர் மேல். அவர் கைலி மடிப்பை மோந்து பார்த்தேன், பரோட்டா வாசம் அடித்தது. ஆனால் அது அவரிடம் எப்போதும் அடிப்பது. அடுத்தது சித்தப்பா. அவர் பின்னாலேயே இரண்டு நாள் சுற்றியதில் அவர் ஒரு பெண்ணோடு போனில் பேசுவதுதான் தெரியவந்தது. மூன்றாவது நாள் கல்லாப்பெட்டியின் அடியில், ரப்பர் பேண்டுகளுக்குக் கீழே, பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தது. நிறுத்தச் சொன்ன மாத்திரை! எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் நாலு மணி. கடைசி ஆள் போய், ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. நான் நடையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தேன். குட்டி ரூமுக்குள் படுத்திருந்தான், கதவு திறந்துதான் இருந்தது. அப்பா தட்டோடு வந்தார். அம்மா வழக்கம்போல மலையாகச் சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றிக் கொடுத்திருந்தாள். அவர் முக்காலியை ரூமுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டார். பிறகு மீதிச் சோற்றை உருட்டி, கம்பி வழியாக ஒவ்வொன்றாக நீட்டினார். குட்டி குரைக்காமல், அவசரப்படாமல், நெடுநாள் பழக்கம்போல வாங்கிக்கொண்டான்.

"பிடிச்சுட்டேன்! அப்பாதான் திருடன்! எல்லாரும் வாங்க!"

சித்தப்பா ஓடிவந்தார், மாஸ்டர் கரண்டியோடு வந்தார். அப்பா குழம்புக் கையோடு முழித்த முழியைப் பார்த்து இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "கடைசில நீங்கதானா அண்ணே!" என்றார் மாஸ்டர். நான் விடவில்லை. "மாத்திரையும் இவர்தான் குடுக்குறாரு. ஆதாரம் இருக்கு!" என்று ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அம்மா தண்ணீர்ச் சொம்போடு வந்து நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் படித்தாள். தட்டைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைத் தோள் தொளதொளவென்று இறங்கிக் கிடப்பதைப் பார்த்தாள்.

"சக்கரையா?" என்றாள்.

அப்பா தலையை ஆட்டினார்.

"சக்கரை வேற குடுத்தீங்களா?" என்று நான் கத்தினேன். "டாக்டரம்மா வாசனையே ஆகாதுன்னாங்கள்ல!"

யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சித்தப்பாவின் சிரிப்பும் நின்றிருந்தது.

"எம்புட்டு நாளா?" என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு மாசம் இருக்கும். சொன்னா நீ பயந்துக்குவ. நீ போட்ட சோத்தைத் தட்டுல மிச்சம் வைக்கவும் மனசு வரல."

எனக்கு இந்தக் கணக்கு பொறுக்கவில்லை. "பொய்யி! ரூம் வந்தே மூணு வாரந்தான் ஆகுது" என்று திருத்தினேன். அப்பா என்னைப் பார்த்து, "எனக்குக் கணக்கு வராதுல்லம்மா" என்றார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். குட்டிக்காக அவள் இவ்வளவு வருத்தப்பட்டதில் எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

மறுநாள் முதல் அம்மா இரண்டு தம்ளர் எடுத்தாள். ஒன்று குட்டிக்கு, இன்னொன்று அப்பாவுக்கு. திருடியதற்குச் சரியான தண்டனை என்று எனக்குப் பரம திருப்தி. அந்த போர்டுக்கு நேர் கீழே, கல்லா மேசையில் உட்கார்ந்து, அப்பா அளவுச் சாப்பாடு சாப்பிட்டார். குட்டியின் எடை அடுத்த மூன்று ஞாயிறும் ஒழுங்காக ஒரு கிலோவுக்குள் நின்றது.

நாற்பத்திரண்டாவது கோட்டை அழித்த அன்று திருமங்கலத்துக்குப் போனோம். டாக்டரம்மா தன் கிளினிக் வாசலில் குட்டியை நடக்கவிட்டுப் பார்த்தார். ஒரு தடவை போய், ஒரு தடவை வந்தான். பாதம் இரண்டும் நேராக என்னைப் பார்த்து வந்தன! "ஓடலாம், கொஞ்சமா" என்றார். சாயங்காலம் திருநகர் மைதானத்தில் அவன் ஓடினான். நான் ஓடினேன், சித்தப்பா ஓடினார், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மாஸ்டர் ஓடிவந்தார். அப்பா ஓரத்தில் நின்று விசிலடித்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் கத்தியதில்லை. வீட்டுக்கு வந்ததும் குட்டி, யாரும் சொல்லாமலே, தன் ரூமுக்குள் போய்ச் சாக்கில் சுருண்டு தூங்கிவிட்டான்.

சாப்பாட்டு வேளையில் அம்மா மறுபடியும் அந்தத் தம்ளரை எடுத்தாள். எனக்கு அநியாயமாகப் பட்டது. "ஆறு வாரம் முடிஞ்சிருச்சும்மா. அப்பாவையும் விட்டுரும்மா, பாவம்" என்றேன். அம்மா தம்ளர் விளிம்பை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாதான் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "குட்டி மொதல்லயே ஆரம்பிச்சுட்டான். அப்பா மூணு வாரம் லேட்டு. எனக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு."

நியாயமாகத்தான் இருந்தது. உடனே ஓடிப்போய், குட்டியின் கோடுகள் இருந்த அதே இடத்தில் அப்பாவுக்காக இருபத்தொரு கோடு போட்டேன். தினமும் ஒன்றை அழித்துவிட்டு, இன்னும் எத்தனை பாக்கி என்று அவரிடம் போய்ச் சொல்லித் தைரியம் கொடுத்தேன். இருபத்தொன்றாவது கோட்டை அழித்த அன்று அப்பா வந்தார், என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கினார், சுவரில் புதிதாக இன்னும் இருபத்தொரு கோடு போட்டார். அவருக்குக் கணக்கு வராது என்பதால் நான் அதைத் திருத்தவில்லை.