விலாசத்தில் இல்லாத நோய்

சுகாதாரத் திணைக்களத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தை நான்தான் மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். கரையோர ஊர்களில் வீடு வீடாக ஆய்வு செய்தார்களாம், லீஷ்மேனியா நோயாளி ஒருவர்கூட இல்லையாம், ஆகவே நாங்கள் புண்ணில் சுரண்டி எடுத்து அனுப்பிய கண்ணாடித் தகடுகள் வேறெங்கோ எடுத்தவற்றுடன் மாறிப்போயிருக்க வேண்டுமாம். தகடுகளில் பெயர் எழுதியவன் நான். பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு கொதித்திருக்காது.

மிஸ் தன் உத்தியோகக் காலம் முழுவதையும் ஒட்டுண்ணி நோய்களை ஆராய்வதற்கே கொடுத்தவர். கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, வெளிநாட்டில் படித்து, அங்கேயே இருக்கச் சொல்லியும் கேளாமல் திரும்பி வந்தவர். நான் மருதமுனைக்காரன், அவருடைய ஆய்வுகூட உதவியாளன். நுளம்பைவிடச் சிறிய மணல் ஈ கடித்து, தோலில் நோகாத ஒரு புண் வரும். நோகாத புண்ணுக்கு யார் வைத்தியம் தேடுவார்கள்? ஏழைக்கு வருகிற, ஆளைக் கொல்லாத நோய் என்றால் மேலிடத்தில் கோப்பைத் திறக்கவே ஆளில்லை.

எங்கள் ஆட்களுக்கு வீடு கடற்கரையில், வயல் மேற்கே காட்டோரத்தில். விதைத்தால் வெட்டும்வரை ஆண்கள் வயல் வாடியிலேயே, அந்தக் காவல் குடிசையிலேயே கிடப்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு வந்து, சோறு தின்று, திரும்பிவிடுவார்கள். ஈ இருப்பது அந்த வாடிகளைச் சுற்றித்தான். ஆய்வுக்காரர்களோ வெட்டுக் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, வாக்காளர் பட்டியலைப் பிடித்துக்கொண்டு கரையோர வீடுகளைத் தட்டியிருக்கிறார்கள். கதவைத் திறந்த பெண்களின் கையையும் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று எழுதிவிட்டார்கள். புண்ணுக்குரியவன் வயலில் நிற்கிறான். ஊரில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருக்கும். கேட்டால்தானே!

"ஈ என்ன, விலாசம் பார்த்தா கடிக்குது?" என்றார் மிஸ். அவர் கோபத்தில் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். பிறகு என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, சேலையைச் செருகிக்கொண்டு, மறுபடியும் வாடி வாடியாகப் போனார்.

எங்கள் தெருவில் நான் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் ஒருவரின் மூக்கோரத்தில் அங்கேதான் அந்தப் புண்ணைக் கண்டோம். கொத்தமல்லி விதை அளவுதான். "போன போகம் வந்த. நோவுற இல்ல மிஸ், விதைப்பு முடியட்டும், பாப்பம்" என்று சிரித்தார். தகட்டில் ஒட்டுண்ணி தெளிவாகத் தெரிந்தது. ஊசி போட்டால் மாறிவிடும். ஆனால் இல்லாத நோய்க்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து அனுப்ப மாட்டார்கள். கிழமைக்கு ஓர் ஊசிக்காக ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். காக்கா இரண்டு தடவை போனார். மூன்றாம் கிழமை வயலுக்குள் யானை இறங்கிவிட்டது, அதோடு நின்றுவிட்டார். மருந்தை இங்கே அனுப்பும்படி மிஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். "விட்டிருங்க மிஸ், அவங்களோட கதைச்சி வேலல்ல" என்று ஒருநாள் சொன்னவன் நான். அதற்காக என்னையும் நான் மன்னிக்கவில்லை. பதில் வராமலே அவர் ஓய்வுபெற்றார், இரண்டு வருடத்தில் இறந்தும் போனார்.

போன மாதம் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம். எங்கள் பகுதியில் இந்நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதாம். திரையில் படம், மேடையில் பூச்சாடி, மிஸ்ஸின் பெயரைச் சொல்ல ஒரு வாய் இல்லை. முன்வரிசையில் நோயாளிகளை இருத்தியிருந்தார்கள். காக்காவின் மூக்கில் ஒரு பக்கம் தழும்பாகிச் சுருங்கிக் கிடந்தது. அன்று ஆய்வு நடத்திய அதே அதிகாரி, இப்போது தலை நரைத்தவர், முன்பே இந்த ஊரில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, ஒலிவாங்கியைக் காக்காவிடம் நீட்டினார். இந்தப் புண் எப்போது வந்தது என்று கேட்டார்.

காக்கா எழும்பி நின்றார்.

"நீங்க எங்கட ஊட்டுக்கு வந்து, ஒண்டுமில்லண்டு எழுதிட்டுப் போனீங்களே சேர், அந்தப் போகத்திலதான்."