கிராஞ்சிக்குப் போன கைப்பெட்டி

சிங்கப்பூரிலிருந்து பாங்காக்குக்கு ரயிலில் போனேன் என்றால் இப்போது எல்லாரும் கண்ணை விரிக்கிறார்கள். விரிக்க ஒன்றுமில்லை. இரண்டு நாள் மரப்பலகையில் உட்காரத் தெரிந்தால் யாரும் போகலாம். எனக்குச் சிரமமெல்லாம் ரயில் ஏறுவதற்கு முன்னால்தான்.

ஐம்பதுகளின் கடைசி. தங்கை பாங்காக்கில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஜவுளிக்கடையில் வேலை. முதல் பிள்ளைக்குக் காதுகுத்து. "அண்ணே, நீங்க மடியில வச்சுக்காம புள்ள காதுல ஊசி படாது" என்று எழுதியிருந்தாள். தாய்மாமன் நான் ஒருத்தன்தான். பினாங்குக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறையிலிருந்து பாங்காக் போகும் ரயில் தினமும் கிடையாது. சிங்கப்பூரில், தஞ்சோங் பகார் ஸ்டேஷனில் காலை வண்டியை விட்டால் அதுவும் போச்சு, காதுகுத்தும் போச்சு.

புறப்படும் நாள் சரியில்லை என்று அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கு வழியும் வைத்திருந்தார்: பரஸ்தானம். முந்தின நாள் நல்ல நேரத்தில் நம் சாமான் ஒன்றை வேறு வீட்டில் வைத்துவிட்டால், நாம் அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தமாம். எனக்கு எரிச்சல். ஃபேரர் பார்க்கில் எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம், கையில் அகப்பட்ட சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்தேன். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் அதற்குள்தான் இருந்தன. முட்டாள்தனம் என்னுடையது. திட்டு வாங்கியது அப்பா.

மறுநாள் காலை எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். வடக்கே ஜோகூர் பாலத்தை ஒட்டிய கிராஞ்சியில் கோழி வளர்க்கும் தம்பியைப் பார்க்க அக்கா முதல் பஸ்ஸில் போய்விட்டாராம். கையில் ஒரு பெட்டியும் இருந்ததாம்.

"ஒங்க பஞ்சாங்கத்த அடுப்புல வைங்க!" என்று கத்தினேன்.

"வைக்கலாம்டா. மொதல்ல டாக்சியப் பிடி" என்றார் அப்பா.

இனி தஞ்சோங் பகாருக்குப் போய்ப் பயனில்லை. கிராஞ்சியில் பெட்டியை வாங்கிக்கொண்டு, அப்படியே பாலத்தைத் தாண்டி மலாயாப் பக்கம் ஜோகூர் பாருவில் அதே வண்டியைப் பிடிப்பது என்று, டிரங்குப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் நான் திட்டினேன். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார்.

கோழிக்கொட்டகை வாசலில் அக்கா பெட்டியும் கையுமாக நின்றார்.

"ஆளில்லாத வீட்ல அடுத்தவங்க பெட்டிய எப்படித் தம்பி விட்டுட்டு வர்றது? நீங்க மத்தியானம்தான் போறீங்கன்னு நெனச்சேன்லா."

"மத்தியானமா? வண்டி இந்நேரம் புக்கித் தீமா தாண்டியிருக்கும்!"

"அப்ப நின்னு ஏன் பேசுறீங்க? ஓடுங்க!"

டாக்சியில் அப்பா பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "பாத்தியா? நல்ல நேரத்துல கெளம்புச்சு. ஒனக்கு முன்னாடியே ஜோகூர் பக்கம் வந்து நிக்குது."

நான் சொன்ன பதில் அச்சில் ஏறாது.

ஜோகூர் பாருவில் வண்டி நகரத் தொடங்கியிருந்தது. தொற்றிக்கொண்டேன். டிரங்குப் பெட்டியை அப்பா ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி கையாட்டினார்.

அப்புறம் இரண்டு நாள் ஜன்னல்தான். ஜோகூர் முழுக்க ரப்பர் மரம். அலுத்துத் தூங்கி விழித்தால் மறுபடி ரப்பர் மரம். கிம்மாஸ் ஸ்டேஷனில் வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு வாங்கித் தின்றேன். காரத்தில் மூக்கு ஒழுகியது. கோலாலம்பூரிலும் பிறையிலும் வண்டி மாறினேன். எல்லையில், பாடாங் பெசாரில் முத்திரை குத்தியவர் பாஸ்போர்ட்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கொட்டாவி விட்டபடி குத்தினார். இதற்காகவா கிராஞ்சிவரை ஓடினேன் என்று வயிறு எரிந்தது. சயாமுக்குள் போனதும் வயல், பனைமரம், நிலையத்துக்கு நிலையம் சுட்ட கோழி. பாஷை தெரியாது. விரலை நீட்டினேன், கொடுத்தார்கள்.

பாங்காக்கில் இறங்கியபோது முகமெல்லாம் கரி. "இஞ்சினை நீங்கதான் ஓட்டிட்டு வந்தீங்களாண்ணே?" என்றாள் தங்கை.

மறுநாள் காலை பிள்ளை என் மடியில் உட்கார்ந்தது. ஊசி பட்டதும் வீறிட்டு, என் கட்டைவிரலைக் கடித்தது. நாலு பல்தான், நன்றாகவே இறங்கியது. ரத்தம் எனக்குத்தான் அதிகம் வந்தது. எல்லாரும் பிள்ளையைத்தான் சமாதானப்படுத்தினார்கள்.