இசபெல்லாவுக்குப் போர்த்திய பொன்னாடை

இசபெல்லா என்ற பெயரை நான் முதலில் கேட்டது கோவிலில் கல்யாண ஓலை வாசித்த அன்றைக்கு. பூசை முடிகிற நேரம், எங்கள் தெரு சிலுவைக்கும் வேம்பார் மிக்கேல் மகள் இசபெல்லாவுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் வாசித்தார். எனக்குப் பின்னால் இருந்த ஒருத்தி, "வேம்பார்க்காரியா? வாய் ஓயாதே. அந்தத் தடையச் சொல்லலாமா?" என்றாள். முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டோம்.

சிலுவையின் அம்மாவும் என் அம்மாவும் அக்கா தங்கை மக்கள். அந்த வகையில் சிலுவை எனக்குத் தம்பி, இசபெல்லா தம்பி பெண்டாட்டி. சிலுவை மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் வேலை பார்த்தான். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே இசபெல்லா அலுமினியச் சட்டியைத் தலையில் தூக்கிவிட்டாள். ஏலத்தில் மீன் எடுத்து வந்து வீடு வீடாக விற்பாள்.

எங்கள் பக்கம் மீன்காரி முன்வாசலுக்கு வருவதில்லை. புறவாசலில் குழாயடி இருக்கும், அரிவாள்மணை இருக்கும், பூனையும் இருக்கும். அங்கே உட்கார்ந்து செதில் உரசுகிற நேரத்தில் எல்லாப் பேச்சும் நடந்துவிடும். மருமகள் மூக்கைப் பொத்தினால் மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று இசபெல்லாவுக்குத் தெரியும். இரண்டு கூறு வாங்குகிறவள் ஒரு கூறு வாங்கினால் புருஷன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான். கேட்டதை அவள் ஒளித்து வைத்துக்கொள்ளவும் மாட்டாள், கோள் சொல்லவும் மாட்டாள். பேச்சோடு பேச்சாக வந்துவிடும். யாரும் அதைத் தப்பாக எடுத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பால் வாங்கப் போன ஞானதீபம் டீச்சரின் சங்கிலியைப் பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் நாசரேத்துக்காரி. ஓய்வுக்குப் பிறகும் எங்கள் தெருவிலேயே இருந்தாள். கீழே விழுந்ததில் மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பெண்கள் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் பூசைக்குப் போனோம்.

அப்போது புதிதாக வந்திருந்த பெண் எஸ்.ஐ. ஜெபசுதா, தெருக்காரர்களை ஞானோபதேச ஹாலுக்குக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டாள். டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். தெருமுனையில் கேமரா வந்தது. "புதுசா எது கண்ணுல பட்டாலும் சொல்லுங்க. போலீஸ் வேற, நீங்க வேற இல்ல" என்றாள். நல்ல பிள்ளைதான். தினமும் நடந்தே சுற்றி வருவாள், எல்லோரிடமும் நின்று பேசுவாள்.

ஒருநாள் கேமராக் கம்பத்துக்கடியில் சட்டியை இறக்கி வைத்திருந்த இசபெல்லாவிடம், "என்னக்கா, வியாபாரம் எப்படி?" என்று கேட்டிருக்கிறாள்.

"இன்னைக்கு ஒரு குறையும் இல்ல மேடம். எங்க செல்வராணி அக்கா, சாளைய விட்டா வேற மீன ஏறிட்டுப் பாக்காதவ, நாலஞ்சு நாளா விலை கூடுன விளமீன் வேணுங்கா. அதுவும் தலையோட வேணுமாம்."

"தனியா இருக்கவங்கதானே?"

"புருசன் செத்த பிறவு தனியாத்தான் இருக்கா. வாய்க்கு ருசியாத் திங்கட்டும், பாவம்."

இவ்வளவுதான் பேச்சு. நானும் அங்கேதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

செல்வராணி யார் என்றால், சிலுவையின் பெரியப்பா மகன் பெண்டாட்டி. இசபெல்லாவுக்கு அக்கா முறை. ஒரே மகன் ஜெரால்டு, கொச்சிப் பக்கம் போட்டில் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்லியிருந்தாள். சங்கிலி அறுத்த இருவரில் ஒருவன் அதற்கு முன்பே பிடிபட்டு, கூட வந்தவன் ஜெரால்டு என்று சொல்லிவிட்டான். அது எஸ்.ஐ.க்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. மறுநாள் விடியக்காலம் செல்வராணி வீட்டு உள்ளறையிலிருந்து ஜெரால்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சங்கிலியில் பாதி அவன் பையில் இருந்தது.

எப்படித் துப்புக் கிடைத்தது என்று தெருவில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கேமரா என்றார்கள், செல்போன் என்றார்கள். இசபெல்லாவும், "இந்த போனுதான் மைனி ஆளக் காட்டிக் குடுக்கு" என்று என்னிடம் சொன்னாள்.

அடுத்த கூட்டத்தில் எஸ்.ஐ. மைக்கைப் பிடித்தாள். "இந்த வழக்குல நமக்கு உதவி செஞ்சது கேமரா இல்ல, இசபெல்லா அக்கா" என்று ஆரம்பித்து, சாளையையும் விளமீனையும் விவரமாகச் சொல்லி, மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினாள். மீன் விற்பவரின் கூர்மையைப் பாருங்கள் என்றாள். போட்டோ எடுத்தார்கள். இசபெல்லாவுக்கே அப்போதுதான் தெரிந்தது. பொன்னாடையோடு நின்றவளின் கண் ஹாலில் யாரையோ தேடியது. செல்வராணி வரவில்லை. அவளுடைய நாத்தனார் வந்திருந்தாள், பாதியில் எழுந்து போனாள்.

மறுநாள் இசபெல்லா சட்டியோடு வந்தபோது பாதிப் புறவாசல் திறக்கவில்லை. திறந்தவர்களும் சும்மா விடவில்லை.

"ஏளா, எனக்கு என்னைக்கும் போல ஒரு கூறு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மேடத்துட்ட அப்படியே சொல்லிரு."

"எங்க வீட்டுல இன்னைக்குக் கருவாடு. விருந்தாளி ஒருத்தரும் இல்ல. எழுதிக்கோ."

"நான் என்னத்தளா எழுத? எனக்குக் கையெழுத்தே கோணலாத்தான் வரும்" என்று முதல் நாள் சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். வாரம் போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது. ஐஸில் வைத்த மீனை மறுநாளும் சுமந்தாள். ஞானதீபம் டீச்சர்கூட, சங்கிலி திரும்பக் கிடைத்த டீச்சர்கூட, கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்று, "இன்னைக்கு வேண்டாம்மா" என்றாள். அவள் மகன் பெனிஸ்டன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து வீட்டில் இருந்தான். அது வெளியே தெரிவதில் டீச்சருக்கு விருப்பமில்லை.

கடைசியில் ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு செல்வராணி வீட்டுக்குப் போனாள். சட்டி எடுத்துவரவில்லை. செல்வராணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"யக்கா, நான் மனசுல ஒண்ணு வச்சுச் சொல்லல. யாவாரப் பேச்சு. மாதா மேல சத்தியமா."

"தெரியும்ளா."

"அப்ப ஏன் மூஞ்சியத் திருப்புத?"

"எம்மவன் செஞ்சது களவு. நான் போயி டீச்சர் கால்ல விழுந்துட்டு வந்துட்டேன். போலீசு கூட்டிட்டுப் போனதுக்கு ஒன்னயக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டேஷனுக்குப் போன புள்ளய கோர்ட்டு வாசல்ல முழுசாப் பாக்குற வரைக்கும் நான் பட்ட பாடு ஒனக்குத் தெரியாது."

"அவன் எனக்கும் மவன்தானக்கா."

"மவன்னா விளமீன் யாருக்குன்னு எங்கிட்டல்லா கேட்டிருக்கணும்? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரெண்டு பேருமாச் சேந்து அவன ரெண்டு சாத்து சாத்தி நாமளே கொண்டுபோயி விட்டிருக்கலாம். நீ என் அடுப்புல கொதிச்சதத் தெருவுல வித்துட்ட. துட்டுக்கு வித்திருந்தாலும் ஆறிப்போகும். சும்மா வித்துட்ட."

நான்தான், "அவ வேணும்னு செய்யலளா, விடு செல்வராணி" என்றேன்.

"நான் எப்பமோ விட்டுட்டேன் மைனி. மீன் மட்டும் இவகிட்ட வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.

அந்த மாதக் கடைசியில் சிலுவையின் தோணி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டைக் காலி செய்தார்கள். ஜெபசுதாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் தெருவில் ஒரு சங்கிலியும் அறுபடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜெரால்டு தண்டனை முடிந்து வந்து, ஐஸ் கம்பெனியில் பாரம் தூக்குகிறான்.

இசபெல்லா இப்போது முத்தையாபுரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பலகை போட்டு, கம்பெனி வேலை விட்டு வருகிற ஆட்களுக்கு மீன் விற்கிறாள்.