நூற்று நாற்பத்து நான்காவது வயர்

மலேசியாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தங்கமலர் இருபத்திரண்டு ஆண்டு நான்கு மாதம் வேலை பார்த்தவர். பூதக்கண்ணாடிக்குக் கீழே, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை இணைத்த கை அது. அந்தக் கைக்கு அவருடைய கணவர் சத்தியசீலன் கொடுத்த வேலை, டார்ச் லைட் பிடிப்பது.

பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டின் ரப்பர் ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் சத்தியசீலன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகக் கட்டிவந்தார். இறக்கை முடிந்தது, இஞ்சின் ஏறியது. மின்சார இணைப்பைத் திட்டமிட்டு முடிக்க மட்டும் எட்டு மாதம் பிடித்தது. மொத்தம் 143 வயர்கள். பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எண், தடிமன், நீளம், இணைத்தவர் பெயர். அந்தக் கடைசிப் பத்தியில் 143 முறையும் 'ச.சீ.' என்றே இருந்தது.

மின்கருவிகளை இரண்டு பட்டியலாகப் பிரித்திருந்தார். பறக்கும்போது, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் நின்றுவிட்டால் முதல் பட்டியல் அணைந்துவிடும். ரேடியோ, பெட்ரோல் பம்ப் போன்ற இரண்டாம் பட்டியல், தரையிறங்கும்வரை முப்பது நிமிடம் பேட்டரியில் ஓட வேண்டும். தங்கமலர் கேட்டது, விமானத்துக்குள் வைத்த முருகன் படத்துக்கு அரிசி அளவில் ஒரு சிவப்பு பல்பு. அதை அவர் முதல் பட்டியலில் போட்டார்.

"ஏங்க, ஆபத்துன்னா முதல்ல முருகனையா அணைப்பீங்க? அப்பத்தானே அவரு வேணும்?"

"பேட்டரி முப்பது நிமிஷம் தாங்கணும், மலரு. கணக்குன்னா கணக்குத்தான்லா."

"அவரு என்ன பெரிய சாப்பாட்டு ராமனா? 0.02 ஆம்பியர்தான் தின்பாரு!"

சத்தியசீலன் பேனாவை எடுத்து முருகனைத் திட்டத்திலிருந்தே அடித்துவிட்டார்.

2023 மார்ச் 11, சனிக்கிழமை. மீன் வாங்க அவர் கோலா கெடாவுக்குப் போனார். காலை 9.40க்கு வண்டி வாசலைத் தாண்டியது; 9.45க்குத் தங்கமலர் கொட்டகையில் இருந்தார். பல்பை இரண்டாம் பட்டியலோடு இணைத்தார். பியூஸ் வைத்தார். வயரை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டினார். அடுத்த வார ஆய்வு முடியும்வரை இருக்கட்டும் என்று பல்பின்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் எண் இல்லாத வயரை விட்டுவிட்டுப் போக அந்தக் கைக்கு மனம் வரவில்லை. '144' என்று அச்சடித்து ஒட்டினார்.

அடுத்த சனிக்கிழமை விமான ஓட்டிகள் மன்றத்தின் பொறியாளர் திவாகரன் ஆய்வுக்கு வந்தார். இதில் தவறினால் அடுத்த ஆய்வு மூன்று மாதம் கழித்துத்தான்.

"அண்ணே, உங்க வயரிங் படத்துல 143. விமானத்துல 144 இருக்கே?"

"இருக்காது தம்பி. திரும்ப எண்ணுங்க."

மூன்று முறை எண்ணினார்கள். சத்தியசீலன் பதிவேட்டை மறுபடி புரட்டினார். நாற்பது ஆண்டில் ஒரு பதிவைக்கூட விடாத மனிதர். "நானே மாட்டிட்டு எழுத மறந்துட்டேனா? அப்போ எதையும் நம்ப முடியாது. மொத்தத்தையும் பிரிச்சிடுறேன்," என்று கட்டரைக் கையில் எடுத்தார்.

தங்கமலர் காப்பித் தட்டைக் கீழே வைத்தார். வாயைத் திறக்காவிட்டால் எட்டு மாத வேலை துண்டு துண்டாகப் போகும். திறந்தால் வீட்டில் இடி விழும்.

"வெட்டாதீங்க. அது என் வயரு."

டேப்பை உரித்து, பேட்டரி ஸ்விட்சைப் போட்டார். சிவப்பு வெளிச்சத்தில் முருகன் சிரித்தார். சத்தியசீலன் சிரிக்கவில்லை.

திவாகரன், மீன் நிறுக்கும் கொக்கித் தராசு மாதிரி ஒரு கருவியை மாட்டி 144ஐ இழுத்தார். அசையவில்லை. அடுத்து 17ஐ இழுத்தார். அது கழன்று அவர் கையோடு வந்தது. 52உம் வந்தது.

"யக்கா, எங்க கத்துக்கிட்டீங்க?"

"கூலிம்ல, தம்பி. 22 வருஷம். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆனதில்ல."

"அண்ணே, படமும் வண்டியும் ஒத்துப்போகல, இன்னிக்கு பாஸ் தர முடியாது. இந்த 144ஐப் படத்துல சேருங்க. மத்த 143ஐயும் அக்கா திரும்ப இணைக்கட்டும். மூணு மாசம் வேணாம், மூணு வாரத்துல நானே வர்றேன்."

சத்தியசீலன் கட்டரை வைத்துவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். 143 'ச.சீ.'களையும் ஒவ்வொன்றாக அடித்து 'த.ம.' என்று எழுதினார். 144ஐ இரண்டாம் பட்டியலில் சேர்த்தார். பேட்டரியைச் சோதித்ததில், முருகனும் எரிய, முப்பத்து நான்கு நிமிடம் தாங்கியது. அதையும் எழுதினார்.

தங்கமலர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 17ஆம் வயர் முன் உட்கார்ந்தார்.

"ஏங்க, டார்ச் லைட்ட கொஞ்சம் மேல பிடிங்க. ஆடாம பிடிக்கணும்லா."